மொட்டை மாடிக் குழாய்கள் பழுப்பேறுகின்றன: வெயில் உண்மையில் எதைக் கெடுக்கிறது?

நிழல்மரம் (திண்டுக்கல்)

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய்கள் எல்லாம் பழுப்பேறிவிட்டன. ஒரு கிளாம்பைக் கழற்றிப் பார்த்தேன். கிளாம்புக்கு அடியில் இருந்த பட்டை மட்டும் புதுக் குழாயின் சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. மற்ற இடங்களில் மேற்புறத்தை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. அடிப்புறம் அவ்வளவு மோசமில்லை. அச்சடித்த எழுத்துகள் கூட அங்கே படிக்கும்படி இருக்கின்றன.

கசிவு எங்கும் கிடையாது. ஆனால் எதிர் வீட்டில் தென்னை மட்டை ஒன்று விழுந்து, இதே வயதுள்ள குழாய் துண்டு துண்டாகச் சிதறிவிட்டது. அதிலிருந்து எனக்குக் கவலை. ஒரு பிளம்பர் மொத்த லைனையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஒழுகாததைத் தொடவே வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடு என்கிறார்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று விஷயங்கள். பழுப்பேறிய குழாயின் பலம் எவ்வளவு போயிருக்கும்? அதிலிருந்து தண்ணீரில் ஏதாவது கலக்குமா? பெயிண்ட் அடித்தால் பயன் உண்டா, அல்லது காலம் கடந்துவிட்டதா?

குழாய்ப்பணி (மதுரை)

வணக்கம். தொழிலே இதுதான் என்பதால் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். வெயிலில் கிடந்த பழைய பிவிசி லைனில் தானாக வெடித்த குழாய் மிக அபூர்வம். உடைந்தவை பெரும்பாலும் அடி வாங்கியவை. ஏணி சாய்த்தது, பந்து பட்டது, குரங்கு குதித்தது, துணி காயப்போடக் கட்டிய கயிற்றை யாரோ இழுத்தது, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். புதுக் குழாயாக இருந்தால் அதே அடிக்குக் கொஞ்சம் நெளிந்து நிமிர்ந்துவிடும். பழுப்பேறிய குழாய் நெளியாமல் பிளந்துவிடுகிறது.

தானாக ஒழுகுவதெல்லாம் இணைப்புகளில்தான். எல்போ, டீ, இரும்பு மரையோடு சேரும் இடம். அதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. மத்தியானம் நீண்டு, ராத்திரி சுருங்கி, தினமும் இணைப்பை இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெயிலின் ஒளியையும் சூட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தவறான வைத்தியம் செய்வோம்.

மாற்றுவதா வேண்டாமா என்று கேட்டால், ஒழுகாத லைனை முழுவதும் பிடுங்கிப் போடு என்று நான் சொல்லமாட்டேன். அடி படக்கூடிய இடங்களை மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தை மூடிக் காப்பாற்றலாம்.

பாலிமர்வகுப்பு (கோவை)

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். குழாய்ப்பணி அண்ணன் கையால் கண்டறிந்ததற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். கொஞ்சம் நீளும்.

சூரிய ஒளியில் ஏறக்குறைய 290 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. அதற்கு மேல் 400 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்கிறது. பிளாஸ்டிக்கின் பிணைப்புகளை அறுக்க அந்த ஆற்றலே போதும்.

பிவிசி சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கரியணுவில் ஒரு குளோரின் இருக்கும். குறையே இல்லாத சுத்தமான பிவிசி இந்தக் கதிரை அதிகம் உறிஞ்சாது. ஆனால் தொழிற்சாலையில் சூடாக்கிக் குழாயாக இழுக்கும்போதே சங்கிலியில் சிறு பழுதுகள் உண்டாகிவிடுகின்றன. கதிர் பிடிப்பது அந்தப் பழுதுகளில்தான். அங்கிருந்து ஒரு குளோரினும் பக்கத்து ஹைட்ரஜனும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகும். அது அடுத்த குளோரினையும் தளர்த்திவிடும். இப்படியே வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் சேரச் சேர, அந்தத் தொடர் நீல ஒளியை உறிஞ்ச ஆரம்பிக்கும். நம் கண்ணுக்கு அது மஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும் தெரிகிறது. மறுசுழற்சித் துண்டுகளைத் தாராளமாகச் சேர்த்த குழாய்கள் சீக்கிரம் பழுப்பேறுவதும் இதனால்தான். ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட சரக்கில் பழுதுகள் அதிகம்.

விரலில் ஒட்டும் வெள்ளைப் பொடி வேறு. மேல்தோலில் இருந்த பிவிசி சிதைந்து போனபின், அதற்குள் கலந்திருந்த சுண்ணாம்புப் பொடியும் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளை நிறமியும் பிடிமானமின்றி வெளியே நிற்கின்றன. அதைத்தான் விரல் துடைத்தெடுக்கிறது.

முக்கியமான செய்தி, இந்தச் சிதைவு ஆழமாகப் போவதில்லை என்பதே. சிதைந்த மேல்தோலே உள்ளிருக்கும் பகுதிக்கு மறைப்பாகிவிடுகிறது. கெட்டுப்போவது பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டர் அளவிலான மேற்பரப்புதான். ஷெட்யூல் 40 என்ற அமெரிக்கத் தடிமன் வகையில் ஓர் அங்குலக் குழாயின் சுவர்த் தடிமன் 3.38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் நூற்றில் ஒன்றரைப் பங்குதான் கெட்டிருக்கிறது.

பிறகு ஏன் உடைகிறது என்று கேட்பீர்கள். கடினமான பிவிசிக்கு ஒரு குணம் உண்டு: கீறல் இல்லாதவரை அடியைத் தாங்கும், கீறல் விழுந்தால் அந்தக் கீறலின் முனையிலேயே விசை முழுவதும் குவிந்து பிளந்துவிடும். வெயிலில் சிதைந்த மேல்தோல் நொறுங்கும் தன்மை கொண்டது. அடி பட்டதும் முதலில் அது விரிசல் விடுகிறது. அந்த நுண்விரிசல் நல்ல நிலையில் இருக்கும் உட்பகுதிக்குள் கீறலாக இறங்குகிறது. முடி அளவுகூட இல்லாத மேல்தோல் மொத்தக் குழாயையும் காவு வாங்குவது இப்படித்தான். உள்ளிருந்து வரும் தண்ணீர் அழுத்தம் மெதுவானது, சீரானது. அதற்கு இந்த மேல்தோல் பெரிய பொருட்டில்லை. அதனால்தான் வெளியில் வைத்துச் செய்த சோதனைகளில் இழுவலிமை பெரிதாகக் குறையாமல், அடி தாங்கும் திறன் மட்டும் தெளிவாகக் குறைந்தது.

நிழல்மரம் அவர்களின் முதல் கேள்விக்கு இதுவே பதில். அழுத்தத்தைத் தாங்கும் பலம் பெரும்பாலும் இருக்கிறது. அடி தாங்கும் பலம் போய்விட்டது.

நிழல்மரம் (திண்டுக்கல்)

மிக்க நன்றி அம்மா. கிளாம்புக்கு அடியில் மட்டும் புது நிறம் இருப்பதற்கு இப்போது காரணம் புரிகிறது.

ஒரு சந்தேகம். இது கத்திரி வெயிலில்தான் அதிகம் நடக்குமா? அந்த மாதம் மட்டும் சாக்கு போட்டு மூடினால் போதுமா?

பாலிமர்வகுப்பு (கோவை)

போதாது. கத்திரி என்பது காற்றின் சூட்டைக் குறிக்கும் பருவம். புறஊதாக் கதிரின் அளவைத் தீர்மானிப்பது சூரியன் எவ்வளவு உச்சிக்கு வருகிறது என்பது. திண்டுக்கல்லில் ஏப்ரல் மத்தியிலும் ஆகஸ்ட் கடைசியிலுமாக ஆண்டுக்கு இருமுறை நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நட்ட கோலுக்கு நிழல் விழாத நாட்கள் அவை. சென்னைக்கு அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். நம் ஊரில் வானம் தெளிந்த நாட்களில் புறஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11 அல்லது அதற்கு மேல் என்றால் உச்சநிலை. மெல்லிய மேகம் இருக்கும் நாளில் உடம்புக்குச் சூடு உறைக்காது. ஆனால் கதிரில் பெரும்பகுதி மேகத்தைக் கடந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆண்டு முழுவதும் மறைப்பு வேண்டும். சூடு கூட இருந்தால் வேதிவினை வேகமெடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒளி படாமல் சூடு மட்டும் பட்டால் இந்தப் பழுப்பு இந்த அளவுக்கு வராது.

மேல்நிலைத்தொட்டி (ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்)

இரண்டு பேர் சொன்னதும் சரி. சூட்டைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் வீடுகளில் தப்பான குழாய் தப்பான இடத்தில் போவது இந்தக் கணக்குத் தெரியாததால்தான்.

பிவிசி குழாயில் அச்சடித்திருக்கும் அழுத்த அளவு, குளிர்ந்த தண்ணீருக்கானது. ஐஎஸ் 4985 என்ற நம் இந்தியத் தரத்தில் அது 27 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டது. ஷெட்யூல் வகைக் குழாய்களுக்கு 23 டிகிரி. சூடு ஏற ஏற அந்தத் திறன் இறங்கும். ஷெட்யூல் வகைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்குப்படி, 38 டிகிரியில் நூற்றுக்கு 62தான் மிஞ்சும். 49 டிகிரியில் 40. 60 டிகிரியில் வெறும் 22. மத்தியானம் மாடிக் குழாயில் நின்ற தண்ணீரைத் திறந்தால் முதல் வாளியில் கை வைக்க முடிவதில்லை அல்லவா, அந்த நிலையில் குழாயின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள்.

ஆனால் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் அழுத்தம் எவ்வளவு? பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். தொட்டி மாடித் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், மாடியில் ஓடும் குழாய்க்கு 0.2 கிலோதான். 6 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய் போட்டிருந்தால், சூட்டில் திறன் கால்பங்காகக் குறைந்தாலும் அது ஒன்றுமேயில்லை.

கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு லைன்கள். ஒன்று, மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் லைன். கீழ்ப்பகுதியில் முழு உயரத்தின் அழுத்தமும் இருக்கும். மோட்டார் நின்றவுடன் திரும்பி இறங்கும் தண்ணீர் வால்வில் மோதும் அதிர்ச்சி வேறு. மேற்குச் சுவரில் பிற்பகல் முழுவதும் வெயில் வாங்கும்படி இந்த லைனை ஓட்டுவது நம் ஊரில் வாடிக்கையாகிவிட்டது. இரண்டு, இப்போது பரவலாகிவரும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் மாடியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் லைன். பம்ப் வைக்கும்போது பழைய பிவிசி லைனையே அப்படியே அதில் இணைத்துவிடுகிறார்கள். வெயிலில் சூடேறும் குழாய், பம்பின் அழுத்தம், நொறுங்கும் மேல்தோல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது அங்கேதான். அந்த லைனை மட்டும் தயங்காமல் மாற்றுங்கள்.

நீட்சி பற்றி: பத்து மீட்டர் பிவிசி குழாய் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த இரண்டு சென்டிமீட்டர் எங்கே போகும்? வில்லாக வளையும், அல்லது எல்போவைத் தள்ளும். கிளாம்பு குழாயைத் தாங்கவேண்டும், நெரிக்கக் கூடாது. நேராக ஓடும் லைனில் ஓர் இடத்தில் இரண்டு எல்போ போட்டுத் திருப்பம் கொடுத்தால், நீட்சியை அந்தத் திருப்பம் வாங்கிக்கொள்ளும். வெயில் படும் இடத்தில் மூன்றடிக்கு ஒரு தாங்கியாவது வேண்டும். சூட்டில் குழாய் இளகும்; தாங்கி தள்ளியிருந்தால் தண்ணீரின் எடைக்கே தொய்ந்துவிடும்.

உப்புக்காற்று (தூத்துக்குடி)

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜிஐ போடச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலுக்கு ஜிஐ அசையாது, உண்மை. ஆனால் கடலோரத்தில் அது வெளியிலிருந்து அரிக்கிறது, போர் தண்ணீரில் உப்பு இருந்தால் உள்ளிருந்தும் அரிக்கிறது. எங்கள் தெருவில் ஜிஐ லைன் போட்டவர்கள் இப்போது குழாய்க்குள் துருக்கட்டி அடைத்து, நூல்போலத் தண்ணீர் வருகிறது என்று அதைப் பிடுங்கிவிட்டு பிவிசிக்கு மாறியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் கடற்காற்று இல்லை. தண்ணீர் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் கெட்டது, இரும்பு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

செங்கல்சூளை (விழுப்புரம்)

நாங்கள் மாடிக் குழாய்களைச் சிமெண்ட் கலவையால் மூடிப் பூசிவிட்டோம். வெயிலே படாது. யாரும் மிதித்தாலும் உடையாது. செலவும் இல்லை. இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

மேல்நிலைத்தொட்டி (ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்)

செங்கல்சூளை அவர்களே, ஒளி படாது என்பது சரி. ஆனால் நான் சொன்ன இரண்டு சென்டிமீட்டர் நீட்சியை அந்தக் கலவை முற்றிலும் பூட்டிவிடுகிறது. பூச்சு விரிசல் விடும், இல்லையென்றால் இணைப்பு விட்டுக்கொடுக்கும். அப்படிக் கசிந்தால் வெளியே தெரியாது. தண்ணீர் தளத்துக்குள் இறங்கி, கீழே கூரைப் பூச்சு உப்பி, கம்பி துருப்பிடித்த பிறகுதான் தெரியவரும். குழாயின் விலையைவிடக் கூரையின் விலை பெரிது. கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செங்கல் வரிசை ஒன்று கட்டி, மேலே கடப்பாக்கல் பலகையைத் தளர்வாக வைத்து மூடலாம். குழாய் உள்ளே நகர இடம் இருக்கும், நிழலும் கிடைக்கும், பழுது பார்க்கப் பலகையைத் தூக்கினால் போதும். நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

சொட்டுநீர் (தேனி)

வயல்காட்டில் நிலைமை வேறு என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு நிழல் என்ற பேச்சே இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்தின் பக்கவாட்டுக் குழாய்கள் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் மண்மேல் கிடக்கின்றன. ஆனாலும் நல்ல கம்பெனிக் குழாய் பல ஆண்டுகள் நிற்கிறது. அது பாலிஎத்திலீன், அதுவும் கறுப்பு. கறுப்புச் சாயத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா? ஏனென்றால் போன பட்டத்துக்கு மலிவாகக் கிடைத்த ஒரு சுருளைப் போட்டேன். அதுவும் கறுப்புதான். ஒரே கோடையில் வளைக்கும் இடமெல்லாம் மயிரிழை விரிசல் விட்டு, அழுத்தம் கொடுத்தால் பக்கவாட்டில் பீச்சுகிறது.

கூடவே இன்னொன்று. மெயின் லைன் பிவிசி. அதை மண்ணில் புதைத்திருக்கிறோம். கேட் வால்வுக்காக மேலே எழும்பும் துண்டு மட்டும்தான் திரும்பத் திரும்ப உடைகிறது. வெட்டிப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த பகுதி புதிதுபோல இருக்கிறது, தரைமட்டத்துக்கு மேல் இருந்தது காவியாகிவிட்டது.

பாலிமர்வகுப்பு (கோவை)

நேரடித் தொடர்பு உண்டு ஐயா. பாலிஎத்திலீன் இயல்பில் வெயிலைத் தாங்காது. சாயமில்லாத வெள்ளைப் பாலிஎத்திலீனை வெயிலில் போட்டால் ஓரிரு ஆண்டுகளுக்குள் பொடிந்துவிடும். பிவிசி போலப் பழுப்பேறி நிற்காது. ஆக்சிஜன் சேர்ந்து சங்கிலிகளே துண்டாகிவிடுவதால் பரப்பு முழுவதும் வெடிப்பு விடும்.

அதைக் காப்பாற்றுவது கரித்தூள். புகைக்கரி போன்ற மிக நுண்ணிய தூள், பிளாஸ்டிக் முழுவதும் சீராகக் கலந்திருக்க வேண்டும். அது கதிரை உறிஞ்சிச் சூடாக மாற்றிவிடுகிறது; கதிர் மேல்தோலைத் தாண்டுவதில்லை. குடிநீர் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) குழாய்களுக்கான ஐஎஸ் 4984 தரம், கரித்தூள் 2.5 விழுக்காடு, அரை விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. அளவோடு பரவலும் முக்கியம். கரித்தூள் கட்டிகட்டியாக இருந்தால், இடையில் உள்ள பிளாஸ்டிக்கைக் கதிர் தின்னும்; கட்டியே விரிசலுக்குத் தொடக்கப் புள்ளியாகவும் ஆகும். கறுப்பாகத் தெரிவதற்கு அரை விழுக்காடு கரித்தூளே போதும். எனவே கண்ணுக்குக் கறுப்பு என்பது உத்தரவாதமல்ல. உங்கள் மலிவுச் சுருளைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கரித்தூள் குறைந்த அல்லது பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய சரக்குக்குப் பொருந்துகின்றன.

வால்வுத் துண்டைப் பற்றி: மண்ணுக்குள் இருப்பதற்கு வெயில் ஒரு பொருட்டே அல்ல. வெளியே வரும் அந்த இரண்டடிக்கு மட்டும் எச்டிபிஇ அல்லது ஜிஐ போட்டுவிடுங்கள்.

குழாய்ப்பணி (மதுரை)

தேனி அண்ணனுக்கு: மேலே எழும்பும் துண்டில் கனமான இரும்பு வால்வு தொங்கினால், திறக்கும்போதும் மூடும்போதும் முறுக்கு முழுவதும் குழாய்க்குப் போகிறது. வால்வுக்குக் கீழே செங்கல் வைத்துத் தாங்கல் கொடுங்கள். பாதி உடைப்பு அதிலேயே நின்றுவிடும்.

மாடித்தோட்டம் (சேலம்)

எங்கள் வீட்டில் மாடியில் ஓடுவது பிவிசி அல்ல, வெண்மஞ்சள் நிறச் சிபிவிசி. சோலார் ஹீட்டரிலிருந்து வருகிறது. அது சூடு தாங்கும் குழாய்தானே, வெயிலும் தாங்கும் என்றுதான் போட்டவர் சொன்னார். இப்போது மேற்புறம் மங்கி, பொரிந்ததுபோல் ஆகிவிட்டது. எனாமல் பெயிண்ட் மிச்சம் இருக்கிறது, அதை அடிக்கலாமா? அல்லது கறுப்பு இன்சுலேஷன் டேப்பை முழுக்கச் சுற்றிவிடலாமா?

பாலிமர்வகுப்பு (கோவை)

இரண்டும் வேண்டாம் சகோதரி, தயவுசெய்து.

சூடு தாங்குவதும் வெயில் தாங்குவதும் வேறு வேறு. சிபிவிசியில் குளோரின் அதிகம். அதனால் 82 டிகிரித் தண்ணீரிலும் அழுத்தம் தாங்குகிறது. புறஊதாக் கதிருக்கு அது பிவிசியைவிடப் பெரிய வீரன் இல்லை. அதோடு சுவர் மெல்லியது: முக்கால் அங்குலக் குழாயில் வழக்கமான தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான்.

எனாமல் பெயிண்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் சிபிவிசிக்குள் ஊறும். குழாய் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடங்களில், அதாவது வளைத்துக் கட்டிய இடத்திலும் எல்போ கழுத்திலும், அது விரிசலாக மாறும். இன்சுலேஷன் டேப் மிருதுவான பிவிசி; அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெயில் சூட்டில் வெளியேறிச் சிபிவிசிக்குள் இறங்கும். அதுவும் விரிசல்தான். இதே காரணத்துக்காக மின்கம்பிகளைச் சிபிவிசி குழாயோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு. மரையில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம்.

அடிக்க வேண்டியது, தண்ணீரில் கலக்கும் வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன். சுவருக்கு அடிக்கிறோமே, அதே வகை. வெள்ளை அல்லது வெளிர் நிறம். அதில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு கதிரைத் தடுக்கும். வெளிர் நிறம் சூட்டையும் குறைக்கும். பிவிசிக்கும் இதையே அடிக்கலாம்.

சோலார் ஹீட்டரைப் பற்றி ஒன்று. யாரும் பயன்படுத்தாத நாட்களில் தொட்டியில் நிற்கும் தண்ணீர் சிபிவிசியின் வரம்பைத் தாண்டிச் சூடாகலாம். ஹீட்டரிலிருந்து வெளிவரும் முதல் சில அடிகளுக்கு உலோகக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள், பெயிண்ட் பிறகு.

குழாய்ப்பணி (மதுரை)

பெயிண்ட் அடிப்பதில் எல்லோரும் விடும் தப்பு, பொடிமேல் அப்படியே அடித்துவிடுவது. ஒரே மழையில் தோலாக உரிந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் ஈரத்துணி போட்டுத் துடையுங்கள். காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பொடி விரலில் ஒட்டாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தித் தேய்த்துக் கீறல் போட வேண்டாம். கீறலைப் பற்றி அம்மா சொன்னதைப் படித்தீர்கள். மறுபடியும் துடைத்து, காலை நேரத்தில், குழாய் சூடேறும் முன்னால் முதல் பூச்சு. காய்ந்ததும் இரண்டாவது. மேற்புறத்தை மட்டும் அடித்துவிட்டு விடாதீர்கள். தளத்திலிருந்து திரும்பி அடிக்கும் ஒளியும் உண்டு. அடிப்புறத்துக்குக் கையுறை போட்டு, பஞ்சுத் துணியைப் பெயிண்டில் நனைத்துக் குழாயைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் பிரஷ்ஷைவிடச் சீக்கிரம் முடியும்.

வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போதெல்லாம் குழாய்க்கும் சேர்த்து அடித்துவிடச் சொல்லுங்கள். தனிச் செலவே தெரியாது.

நிழல்மரம் (திண்டுக்கல்)

இரண்டாவது கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. பழுப்பேறிய குழாய் வழியாக வரும் தண்ணீரைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா?

பாலிமர்வகுப்பு (கோவை)

பழுப்பு உண்டாவது வெளித்தோலில். தண்ணீர் தொடுவது உட்சுவரை. இடையில் மூன்று மில்லிமீட்டர் நல்ல பிவிசி நிற்கிறது. குழாய்ச் சுவர் ஒளி புகாதது என்பதால் உட்புறத்தில் இந்த வினை நடப்பதில்லை. எனவே வெயிலால் மட்டும் தண்ணீர் கெடும் என்று அஞ்ச வேண்டாம்.

ஆனால் உங்கள் கவலைக்கு வேறொரு நியாயமான காரணம் உண்டு. குழாய் தயாரிக்கும்போது சூட்டில் சிதையாமலிருக்க நிலைப்படுத்தி சேர்ப்பார்கள். நம் நாட்டில் நெடுங்காலம் ஈயச் சேர்மங்களையே அதற்குப் பயன்படுத்தினார்கள். 2021இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், பிவிசி குழாய்களிலிருந்து ஈயத்தை நீக்குவதற்கான விதிகளை வெளியிட்டது. இப்போது கால்சியம்–துத்தநாகம் அல்லது வெள்ளீயம் சார்ந்த நிலைப்படுத்திகள் வருகின்றன. உங்கள் லைன் அதற்கு முந்தையது என்றால் அது ஈயம் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு. குழாய்க்குள் இரவு முழுவதும் நின்ற தண்ணீரையும் மத்தியானச் சூட்டில் நின்ற தண்ணீரையும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்; கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, புதிதாக வரும் தண்ணீரைப் பிடியுங்கள். திறந்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். சமையலறைக்குப் போகும் லைனைப் புதுப்பிக்கும் வாய்ப்பு வந்தால், அதற்கே முன்னுரிமை கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் சிக்கனம் பார்க்கச் சொல்லமாட்டேன்.

உப்புக்காற்று (தூத்துக்குடி)

புதுக் குழாய் வாங்கும்போதே ஏமாறாமல் இருப்பது எப்படி என்றும் சொல்லுங்கள். இங்கே சில கடைகளில் குழாய்களை வாசலில் வெயிலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பல மாதம் அப்படியே கிடக்கிறது.

மேல்நிலைத்தொட்டி (ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்)

அடுக்கின் மேல்வரிசைக் குழாயை எடுக்காதீர்கள். அடியிலிருந்து ஒன்றை உருவச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பாருங்கள். ஒரே குழாயையும் சுழற்றிப் பாருங்கள். ஒருபக்கம் மங்கலாக இருந்தால் அது வெயிலில் கிடந்தது. ஒருபக்கம் மட்டும் சூடேறிக் கிடந்த குழாய் வில்லாக வளைந்தும் இருக்கும். தரையில் உருட்டினால் தெரிந்துவிடும். குழாயின் உடம்பில் ஐஎஸ் எண், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண், அழுத்த வகை, தயாரித்த தொகுதி எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கைபேசிச் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

எடை அதிகம் என்றால் தரம் அதிகம் என்று நினைக்கிறார்கள், அது சரியல்ல. பிவிசியின் அடர்த்தி ஏறக்குறைய 1.4. மலிவாக்குவதற்காகச் சேர்க்கும் சுண்ணாம்புப் பொடியின் அடர்த்தி 2.7. சுண்ணாம்பு கூடினால் எடையும் கூடும், நொறுங்கும் குணமும் கூடும்.

வீட்டில் மிச்சக் குழாயைச் சேமிப்பவர்கள் தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே சூடு தேங்கிக் குழாய் நெளியும். நிழல் இருக்கட்டும், காற்றும் போகட்டும்.

நிழல்மரம் (திண்டுக்கல்)

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை வைத்து முடிவு செய்துவிட்டேன். சமையலறைக்கு இறங்கும் லைனைப் புதிதாகப் போடுகிறேன். மோட்டார் லைனில் மேற்குச் சுவரில் வெயில் வாங்கும் பகுதியையும் மாற்றிவிடுகிறேன். ஏணி சாய்க்கும் மூலையில் இருக்கும் எல்போவுக்குச் செங்கல் மறைப்பு. மற்றதெல்லாம் துடைத்து, தேய்த்து, வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு. கிளாம்புகளைத் தளர்த்தி, இடையில் கூடுதல் தாங்கிகளும் வைக்கிறேன்.

பழைய குழாயை வெட்டிப் புதுக் குழாயோடு சேர்க்கும் இடத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

குழாய்ப்பணி (மதுரை)

கண்டிப்பாக. பழுப்பேறிய குழாயில் கத்தரிக்கோல் மாதிரி அழுத்தி வெட்டும் கட்டரை வைக்காதீர்கள். அது நெரித்து வெட்டுவதால் குழாய் நீளவாக்கில் கீறிக்கொண்டு போகும். சில சமயம் அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் விட்ட பிறகுதான் காட்டும். நைஸ் பல் ஆக்சா பிளேடால், குழாயை அடியில் கையால் தாங்கிக்கொண்டு, மெதுவாக அறுக்கச் சொல்லுங்கள். வெட்டும் இடத்தைக் கிளாம்புக்கு அடியிலோ நிழலிலோ இருந்த பகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

வெட்டியபின் பிசிறை எடுத்துவிட்டு, கப்ளிங் உள்ளே போகும் நீளத்துக்குப் பழுப்பு முழுவதும் போய்ச் சாம்பல் நிறம் தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். சிதைந்த தோலின்மேல் குழாய் ஒட்டும் சொல்யூஷன் தடவினால் அது தோலோடுதான் ஒட்டும், குழாயோடு ஒட்டாது. சொல்யூஷன் டப்பாவின் தேதியையும் பாருங்கள். கட்டியாகிப்போனதைத் தின்னர் ஊற்றி இளக்கிப் பயன்படுத்த விடாதீர்கள். ஒட்டியதும் உடனே மோட்டாரைப் போடாமல், டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காய விடுங்கள்.